சவுரியம்மாள் வைக்காத கைநாட்டு

சிறுத்தையைச் சுட்டாகிவிட்டது என்று சொல்ல ஆள் வந்தபோது சவுரியம்மாள் கேப்பை அரைத்துக்கொண்டிருந்தாள். மகள் ஆரோக்கியம் செத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. செய்தி கேட்டும் அவள் கை நிற்கவில்லை. திருகையைச் சுற்றிக் கிடந்த மாவைக் கூட்டி முறத்தில் எடுத்து, கோழி வாய்வைக்காமல் கூடையைக் கவிழ்த்து மூடிய பிறகுதான் எழுந்தாள். புருஷன் ராயப்பன் அதற்குள் அதைப் பார்க்க ஓடியிருந்தான்.

அது 1937ஆம் வருஷம், தை மாதம். அனந்தபுரத்துச் சந்தைக்கு நடந்து போய்வரும் தூரத்தில், மலையடிவாரத்தில் இருந்தது அந்த ஊர். நிலம் உள்ளவர்கள் ஏரிக்கரை ஓரம் குடியிருந்தார்கள். அந்த நிலங்களில் வேலை செய்தவர்கள் மலைப்பக்கம் தள்ளி, ஒரு சின்ன மாதா கோயிலைச் சுற்றி இருந்த சேரியில் இருந்தார்கள். மலையிலிருந்து எது இறங்கினாலும் முதலில் சேரிக்குத்தான் வரும்.

ஆரோக்கியத்துக்கு ஏழு வயசு. அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே, ஓடைப் பக்கம் கட்டியிருந்த வெள்ளாட்டை அவிழ்த்து ஓட்டிவரப் போனாள். ஆடு மட்டும் வந்தது. கயிறு மண்ணில் இழுபட அது வாசலில் வந்து நின்று கத்தியதைத்தான் சவுரியம்மாள் முதலில் பார்த்தாள். மறுநாள் காலை ராயப்பன் காரைப் புதருக்குள்ளிருந்து மகளைத் தன் வேட்டியில் முடிந்து எடுத்துவந்தான். அவிழ்த்துப் பார்க்க வேண்டாம் என்றான். அவள் பார்க்கவில்லை. அப்படியே குழிக்குள் வைத்தார்கள்.

சீனுவாசன் வீட்டுக் களத்தில் கூட்டம் கூடியிருந்தது. ஊரில் அதிகமாக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர் சீனுவாசன்தான். திண்டிவனத்திலிருந்து துப்பாக்கி வைத்திருந்த ஒரு வக்கீலை வரவழைத்து, நாலு நாள் சோறு போட்டுத் தங்கவைத்ததும் அவர்தான். சிறுத்தை மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் கிடந்தது. பிள்ளைகள் அதன் வாலைத் தொட்டுவிட்டு ஓடினார்கள். சவுரியம்மாளைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் அவள் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள். "துப்புடி. உன் புள்ளய தின்ன வாயில துப்பு. மனசு ஆறும்."

சவுரியம்மாள் வண்டி ஓரம் நின்றாள். விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது, அவ்வளவு மெலிவு. முன்னங்கால் ஒன்று வீங்கிச் சீழ்பிடித்திருந்தது. வக்கீல் கத்தி முனையால் அதைக் கீறி, விரல் நீளத்துக்கு ஒரு முள்ளை வெளியே எடுத்துக் காட்டினார்.

"முள்ளம்பன்றி முள். கால் ஊன்ற முடியாமல் போயிருக்கிறது. ஓடுகிற எதையும் பிடிக்க முடியாது. அதனால்தான்…" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், எதிரில் நிற்பது யார் என்று கண்டு நிறுத்திக்கொண்டார்.

எல்லாரும் காத்திருந்தார்கள். சவுரியம்மாள் துப்புவதற்கு வாயைக் கூட்டினாள். எச்சில் ஊறவில்லை. திரும்பி நடந்தாள். பாவம், திக்பிரமை பிடித்துவிட்டது என்றார்கள். ராயப்பன் மட்டும் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தம்போட்டு அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. நாளைக்கு வரும், வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசையில் வரும் என்று அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வரவேயில்லை. கூழ் காய்ச்சினாள், உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே குடித்தாள், களை எடுக்கப் போனாள், நாற்று நட்டாள். வேறு யாரோ செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் இருந்தது.

சிறுத்தை போனதும் மலை திறந்துகொண்டது. அதுவரை ஆட்டுக்காரர்கள் ஓடையைத் தாண்டி மேலே ஏற மாட்டார்கள். இப்போது பாறை இடுக்கு வரைக்கும் பயமில்லாமல் ஓட்டினார்கள். ஏரிக்கரைத் தாண்டவராயன் முப்பது ஆடு வைத்திருந்தவர், மூன்றே வருஷத்தில் இருநூறு ஆட்டுக்குச் சொந்தக்காரர் ஆனார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வாங்கிவிட்டார்கள். காலையில் மலையைப் பார்த்தால் பாறையெல்லாம் நகர்வதுபோல் இருக்கும்.

சவுரியம்மாள் விறகுக்கும் புல்லுக்கும் தினமும் அதே மலைக்குத்தான் போனாள். முதலில் புல் குட்டையாயிற்று. முழங்கால் உயரம் நின்ற கூரைப்புல், கணுக்கால் அளவாகி, பிறகு வேரோடு போயிற்று. அடுத்தது மரக்கன்றுகள். துரிஞ்சி, ஆச்சா, வெட்பாலை எது முளைத்தாலும் ரெண்டு இலை விட்டதும் மொட்டையாயிற்று. பெரிய மரங்கள் இருந்த இடத்தில் நின்றன. அவற்றின் கீழே நாளைக்கு மரமாகப் போவது என்று ஒன்றுமே இல்லை. மழை பெய்தபோது மலை சிவப்பாக ஒழுகி ஏரிக்குள் இறங்கியது. ஒரு கட்டு விறகுக்கு அவள் முன்பு நடந்ததைப்போல் மூன்று பங்கு நடந்தாள். நடப்பது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கால் தன்பாட்டுக்கு நடந்தது.

பன்றிகள் இறங்க ஆரம்பித்தது அப்புறம்தான். முன்பும் மலையில் காட்டுப்பன்றி உண்டு, இப்படி இல்லை. குட்டிகளை அடித்துத் தின்ன சிறுத்தை இல்லாமல் ஒவ்வொரு ஈற்றும் அப்படியே வளர்ந்து நின்றது. மேலே கிழங்கும் நிழலும் குறைந்துபோக, கூட்டம் கூட்டமாகக் கீழே புன்செய்க் கொல்லைகளுக்கு வந்தன. 1940இல் சீனுவாசனின் மேட்டுக்கொல்லையில் ஒரு மூலையைக் கிளறின. அடுத்த வருஷம் கொல்லை முழுவதையும்.

அந்தக் கார்த்திகையில் மல்லாட்டை பிடுங்கப் போன அன்று, பெண்கள் வரிசையாகக் குந்திச் செடியைப் பிடித்து இழுத்தார்கள். இழுக்க வேண்டியதே இல்லாமல் செடி கையோடு வந்தது. மண்ணுக்குள் காயில்லை. சுற்றிலும் சப்பித் துப்பிய தோலும் குளம்புத் தடமும்தான் கிடந்தன.

"போச்சு," என்றாள் கோவிந்தம்மாள். "நாமளும் போச்சு."

அவர்களுக்குக் கூலி, பிடுங்கியதில் ஒரு பங்கு. காயே இல்லாத கொல்லையில் பங்கு ஏது? வரப்பில் நின்ற சீனுவாசன் தலைத்துண்டை எடுத்து உதறி மறுபடியும் கட்டிக்கொண்டார். தமுக்கடித்துப் பார்த்தார், குழி வெட்டிப் பார்த்தார், முள்வேலி போட்டுப் பார்த்தார். யுத்தம் வந்ததிலிருந்து துப்பாக்கி மருந்தும் கிடைக்கவில்லை. மறு வருஷம் மேட்டுக்கொல்லையைத் தரிசாகப் போட்டுவிட்டார். சேரியில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. ராயப்பன் விழுப்புரம் போய் ரயிலடியில் கரி அள்ளும் வேலையில் சேர்ந்தான். மாதத்துக்கு ஒரு தரம் வந்துபோனான். வரும்போது அவன் பேசுவதும் குறைந்துகொண்டே வந்தது.

1943, பங்குனி. சவுரியம்மாள் விறகு தேடி மலையின் அந்தண்டைப் பக்கம் போயிருந்தாள். சுனைக்கு மேலே ஒரு பாறையடியில் இளம்பன்றி ஒன்று கிடந்தது. வயிற்றுப் பக்கம் தின்னப்பட்டிருந்தது. மேலே சருகை இழுத்து மூடியிருந்தது. சுனையின் ஈர மணலில் வட்ட வட்டமாகக் கால் தடம். நகம் பதியாத சிறுத்தைத் தடம்.

விறகுக் கட்டைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். இப்போது உடம்பு நடுங்கும், இப்போது கத்திக்கொண்டு ஓடப்போகிறோம் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காக்கை வந்து பன்றிமேல் உட்கார்ந்தது. கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்துச் சொல்லாமல் இருந்தாளா என்றால் அதுவும் இல்லை. வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியில் தாண்டவராயனின் கிடா ஒன்றைச் சிறுத்தை தூக்கிப்போயிற்று. நாலு நாள் கழித்து இரண்டு ஆடுகள். ஊர் கலங்கியது. தாண்டவராயன் அனந்தபுரத்திலிருந்து மனு எழுதும் மாசிலாமணியைக் கூட்டிவந்து மாதா கோயில் முன்னால் உட்காரவைத்தார். மனு திண்டிவனம் சப்-கலெக்டர் கச்சேரிக்குப் போக வேண்டும். ஊர் ஆண்களும் சேரிக்காரர்களும் கூடினார்கள். சீனுவாசனும் வந்து ஒரு ஓரமாக நின்றார்.

"வெறும் ஆட்டுக்காவ யாரும் இப்ப துப்பாக்கி தூக்கிக்கினு வரமாட்டாங்க. சண்டைக் காலம். ஆளக் கொன்னுதுன்னாதான் ஜல்தியா நடவடிக்கை எடுப்பாங்க," என்றார் தாண்டவராயன். "சவுரி, உன் பேர்லதான் மனு. நீ கைநாட்டு வச்சா போதும்."

மாசிலாமணி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார். ஆறு வருஷத்துக்கு முன் தன் ஒரே மகளைப் பறிகொடுத்த அபலையாகிய நான், அதே துஷ்ட மிருகத்தின் இனத்தால் மீண்டும் உயிர்ப் பயத்துக்கு ஆளாகி, இரவும் பகலும் அழுது கண்ணீர் வடித்துக்கொண்டிருப்பதால், துரையவர்கள் சமூகம் தயவுசெய்து… என்று போயிற்று அது.

படித்து முடித்ததும் அவள் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றினார். தாளுக்கு மேலே கொண்டுபோகும்போது விரல் நகரவில்லை.

"ஐயா, அதுல நான் அழுவறேன்னு எழுதியிருக்குதா?"

"ஆமாம்மா."

"நான் அழுவல ஐயா."

"எழுதுறது அப்படித்தாம்மா எழுதணும். வச்சுட்டுப் போ."

"அன்னிக்கும் அழுவல. இன்னிக்கும் அழுவல." அவள் கையை இழுத்துக்கொண்டு தாண்டவராயன் பக்கம் திரும்பினாள். "இது என் புள்ளய தின்னது இல்ல ஆண்டே. அத வண்டியில போட்டு எடுத்துக்கினு போயிட்டாங்க. அதுக்குக் காலு போயிருந்துச்சு. இதுக்குக் காலு நல்லா இருக்குது. பன்னியதான் அடிச்சுத் தின்னுது. நான் பாத்தேன்."

"பாத்தியா? எப்ப பாத்த?" என்றார் தாண்டவராயன்.

"பத்துப் பதினஞ்சு நாளு ஆவுது. சுனைக்கு மேல."

கூட்டத்தில் இரைச்சல் எழுந்தது. தாண்டவராயன் தலையில் அடித்துக்கொண்டார். "பாத்துட்டு வாய மூடிக்கினு இருந்திருக்கா பாருங்கடா! என் கிடா போனதுக்கு இவதான் காரணம்!"

அதற்குள் கோவிந்தம்மாள் எழுந்து வந்துவிட்டாள். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவள் அம்சவள்ளிக்கு நாலு வயசு. அவள் கத்தவில்லை. சவுரியம்மாளின் முகத்துக்கு நேரே நின்று கேட்டாள்.

"உனுக்குப் போறதுக்கு ஒண்ணும் இல்ல. எனுக்கு ரெண்டு இருக்குது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ இன்னா பதில் சொல்லுவ?"

சவுரியம்மாள் தெரியாது என்றே சொன்னாள். சீனுவாசனை எல்லாரும் பார்த்தார்கள். பன்றியால் நிலம் தரிசானவர் அவர். அவர் வாய் திறந்தால் பேச்சு ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். அவர் செருப்பால் தரையைக் கீறிக்கொண்டு நின்றாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. சவுரியம்மாள் மை விரலைத் தனியாகத் தூக்கிப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தாள்.

அவள் பெயர் இல்லாமல், ஆட்டுக்காரர்கள் பெயரில் மனு போனது. அதற்குப் பதிலே வரவில்லை.

கூட்டம் நடந்த மறுநாள் விடிந்ததும் அவள் விழுப்புரத்துக்குப் புறப்பட்டாள். திண்டிவனம் போகிற பார வண்டியில் இடம் கேட்டு ஏறி, அங்கிருந்து ரயில் பிடித்தாள். ராயப்பன் கரிமேட்டின் நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். கண்ணின் வெள்ளை தவிர எல்லாம் கறுப்பு. அவளைப் பார்த்ததும் தூக்குச் சட்டியைக் கீழே வைத்தான்.

"இன்னா ஆச்சு?"

நடந்ததைச் சொன்னாள். அவன் முழுவதையும் கேட்டான். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு எஞ்சின் நீராவி விட்டுக்கொண்டு போயிற்று.

"நானா இருந்தா வச்சிருப்பேன்," என்றான்.

"தெரியும்."

"நீ ஏன் வக்கல?"

அவள் யோசித்துப் பார்த்தாள். பன்றி என்று சொல்லலாம். புல் என்று சொல்லலாம். மரக்கன்றுகள் என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அதில் ஒன்றையும் அவள் நினைக்கவில்லை. "அதச் சுட்டு வண்டியில போட்டிருந்தப்போ நான் பக்கத்துல நின்னேன்யா. எனுக்கு ஒண்ணும் ஆவல. இன்னொண்ணச் சுட்டா மட்டும் இன்னா ஆவப்போவுது?"

ராயப்பன் கரி படிந்த கையால் முகத்தைத் துடைத்தான். "வேட்டில முடிஞ்சு எடுத்தாந்தது நானு," என்றான். "நீ பாக்கல."

"நீதான பாக்க வேணான்ன."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அவன் மீதிக் கஞ்சியை அவளிடம் கொடுத்தான். அவள் குடித்தாள். மறுபடி கரி அள்ளக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கும்போது, "கோவிந்தம்மா கேட்டது நியாயந்தான்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

ரயிலில் திரும்பி வருகையில் அவள் மனசில் அந்த வார்த்தை மட்டும்தான் இருந்தது. ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள், பொழுது சாய இன்னும் இரண்டு நாழிகை இருக்கும்போது, ஒரு பழைய தகர டப்பாவையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனாள். ஆடு மேய்க்கவும் சாணி பொறுக்கவும் போயிருந்த சேரிப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சேர்த்தாள். சின்னவர்களை நடுவில் விட்டு, டப்பாவைத் தட்டிக்கொண்டு கடைசி ஆளாக நடந்து வந்தாள். வீடு வீடாக நின்று பிள்ளையை உள்ளே விட்டாள். கோவிந்தம்மாள் தன் பெண்களை வெடுக்கென்று இழுத்துக் கதவைச் சாத்தினாள். அடுத்த நாளும் அவள் போனாள். அதற்கு அடுத்த நாளும். காய்ச்சல் வந்தால்கூட ஒரு நாள் விட்டதில்லை. யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தாண்டவராயன் அதற்குப் பிறகு அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. மேலும் சில ஆடுகள் போயின. ஆட்டுக்காரர்கள் மறுபடி ஓடைக்குக் கீழேயே மேய்த்தார்கள். கீழே இருநூறு ஆட்டுக்குத் தீனி இல்லை. ஒவ்வொரு சந்தைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அனந்தபுரம் ஓட்டிக்கொண்டு போய், கடைசியில் பழையபடி முப்பது நாற்பதில் நின்றது. மலையில் சிறுத்தையை ஆட்கள் இரண்டு தரம் தூரத்தில் பார்த்தார்கள். அது ஆளை ஒன்றும் செய்யவில்லை. செய்திருந்தால் என்ற நினைப்பு சவுரியம்மாளுக்கு ஒவ்வொரு சாயங்காலமும் வந்தது. அதற்கும் அவளுக்குப் பயம் வரவில்லை. பிள்ளைகளைத் திரும்ப ஒரு தரம் எண்ணிப் பார்ப்பாள்.

இரண்டு மழை கழிந்தது. பன்றி அடியோடு போய்விடவில்லை. ஆனால் கூட்டம் சிறுத்துவிட்டது. குட்டியோடு வருவது அபூர்வமாயிற்று. 1945 ஆடியில் சீனுவாசன் மேட்டுக்கொல்லையை உழுது மல்லாட்டை விதைத்தார். மார்கழி முதல் வாரத்தில் பிடுங்க ஆள் கூப்பிட்டார். சவுரியம்மாளும் வரிசையில் குந்தினாள். செடியைப் பிடித்தாள், மண் விடவில்லை. இரண்டு கையாலும் இழுத்தபோது கொத்தாகக் காயோடு வந்தது. உதறிப் பின்னால் போட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தாள்.

சீனுவாசன் வரப்பு வழியாக வந்து அவளருகில் நின்றார்.

"சவுரி, அன்னிக்குக் கோயிலாண்ட நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

அவள் நிமிரவில்லை. "சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும் ஆண்டே?"

"ஆட்டுக்காரனுக்கும் எனுக்கும் பகையாயிருக்கும். அதான் பேசல."

"சரி," என்றாள். அவர்மேல் கோபம் இருக்கிறதா என்று தனக்குள் பார்த்தாள். இருந்த மாதிரி தெரியவில்லை. அவர் அடுத்த வரிசைக்குப் போனார். மாலையில் பங்கு அளக்கும்போது அவள் முந்தானையில் ஒரு கை கூடுதலாகப் போடச் சொன்னார். அதை அவள் மற்றப் பெண்களுக்கு முன்னாலேயே திரும்பக் கொட்டினாள். எல்லாருக்கும் என்ன அளவோ அதுவே போதும் என்றாள்.

வேலை முடிந்து அவள் வழக்கம்போல் ஓடைக்குப் போனாள். பிள்ளைகள் பதினொரு பேர். அம்சவள்ளிக்கு இப்போது ஆறு வயசு முடிந்திருந்தது. அவள் சவுரியம்மாளின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

"அத்தே, சிறுத்த எப்படி இருக்கும்? நீ பாத்தியாமே."

"செத்தத பாத்தேன்."

"உசுரோட?"

"இல்ல. காலு பதிஞ்சதத்தான் பாத்தேன்."

"பெருசா இருந்துச்சா?"

சவுரியம்மாள் நின்று தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அம்சவள்ளி தன் சின்னக் கையை அதன்மேல் வைத்து அளந்து பார்த்தாள். மற்றப் பிள்ளைகளும் வரிசையாக வந்து வைத்துப் பார்த்தார்கள். பிறகு டப்பாவைத் தட்டிக்கொண்டு நடந்தார்கள்.

கோவிந்தம்மாள் வாசலில் நின்றிருந்தாள். இரண்டரை வருஷமாகச் சவுரியம்மாளோடு அவளுக்குப் பேச்சு இல்லை. பிள்ளைகளை உள்ளே விட்டவள், வழக்கம்போல் கதவைச் சாத்தப் போகவில்லை.

"கூழ் காய்ச்சியிருக்கேன்," என்றாள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "குடிச்சுட்டுப் போ."

சவுரியம்மாள் டப்பாவை வாசலோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கோவிந்தம்மாள் சட்டியில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சவுரியம்மாள் நிமிர்ந்தாள்.

"உப்பு போதல," என்றாள். "கொஞ்சம் குடு."